அயல்நாட்டில் தைவானியச் சாப்பாட்டையும் தைவானியரையும் தேடிக் கண்டடைவது எப்படி?

ஷின்ச்சு, தைனான், தைபே ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டு, அங்கிருந்து அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ வேலைக்குச் செல்லும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். தைவானியரை மணந்துகொண்டு மூன்றாவது நாடொன்றில் குடும்பம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். புதிய ஊரில் சாம்பார்ப் பொடிக்கும் இட்லி அரிசிக்கும் இந்திய மளிகைக் கடை கிடைத்துவிடுகிறது. தைவானில் பழகிய காலைச் சாப்பாட்டுக்கும் இரவுச் சந்தைத் தின்பண்டங்களுக்கும்தான் வழி தெரிவதில்லை. கைப்பேசி வரைபடத்தில் 'தைவான்' என்று தேடினால், மரவள்ளி மாவு உருண்டைகள் போட்ட தேநீரான பபிள் டீ விற்கும் கடைகள் வரிசையாக வருமே தவிர, உட்கார்ந்து சாப்பிடும் கடை அரிதாகவே வரும். அந்த ஊரில் தைவானியர் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் நடத்தும் கடைகளில் பல, 'சீன உணவகம்' என்ற பொதுப் பெயர்ப்பலகைக்குக் கீழே இருக்கின்றன. அவர்கள் வீட்டில் செய்து விற்கும் பண்டங்களோ எந்த வரைபடத்திலும் ஏறுவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் வலியுறுத்துவது ஒன்றுதான்: கடைக்கு முன் ஆட்களைத் தேடுங்கள். ஆட்கள் கிடைத்தால் கடையை அவர்களே காட்டிவிடுவார்கள்.

எந்தப் பகுதியில் தேடுவது

தைவானியர் எந்த வேலைக்காக அந்த நாட்டுக்கு வந்தார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அமெரிக்காவின் கதவைத் திறந்த பிறகு, மேற்படிப்புக்கு வந்த மாணவர்கள் பல்கலைக்கழக நகரங்களில் தங்கினார்கள். 1980களில் வணிகர் குடும்பங்கள் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே மான்டெரே பார்க் என்ற சிற்றூரில் பெருமளவில் வீடு வாங்கின. அதற்குக் 'குட்டித் தைபே' என்ற பட்டப்பெயரே வந்தது. பழைய வழிகாட்டிகளை நம்பி இன்றும் அங்கேயே போய் இறங்குவது வீண் அலைச்சல். தைவானியர் பலர் கிழக்கு நோக்கி நகர்ந்து ஆர்கேடியா, ஹசியெண்டா ஹைட்ஸ், ரோலண்ட் ஹைட்ஸ் ஆகிய இடங்களுக்குப் போய்விட்டார்கள். கடைகளும் அவர்கள் பின்னாலேயே போயின. தைபேயில் 1958இல் சமையல் எண்ணெய்க் கடையாகத் தொடங்கி, 1972இல் கொழுக்கட்டைக் கடையாக மாறிய தின் தாய் ஃபுங், 2000இல் தன் முதல் அமெரிக்கக் கிளையை ஆர்கேடியாவில் திறந்ததற்கும் இதுவே காரணம்.

ஷின்ச்சு அறிவியல் பூங்கா 1980இல் தொடங்கப்பட்டதிலிருந்து சிலிக்கான் பள்ளத்தாக்குக்கும் அதற்கும் இடையே பொறியாளர்கள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். குபர்டினோ, சன்னிவேல், ஃப்ரீமாண்ட் ஆகிய ஊர்களில் தமிழர் குடியிருக்கும் அதே தெருக்களில் தைவானியரும் குடியிருக்கிறார்கள் என்பதால், அங்கே இருப்பவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாலே போதும். நியூயார்க்கில் ஃபிளஷிங், கனடாவில் வான்கூவரை ஒட்டிய ரிச்மண்ட், ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனின் சன்னிபேங்க் ஆகியவை நெடுங்காலமாகத் தைவானியர் வாழும் பகுதிகள். சில்லு தயாரிக்கும் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் அரிசோனாவின் ஃபீனிக்ஸிலும், ஜப்பானின் குமமோட்டோவிலும் தொழிற்சாலைகளைத் தொடங்கியிருப்பதாலும், ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஒன்றைக் கட்டிவருவதாலும், இனி இவ்வூர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மலேசியாவில் வழி வேறு: தைவானில் பட்டம் பெற்ற மலேசியச் சீனர்கள் ஏராளம்; அவர்களுடைய முன்னாள் மாணவர் சங்கங்கள் அங்கே வலுவாக இயங்குகின்றன.

சாப்பாட்டுப் பட்டியலைப் படிப்பது

பபிள் டீ விற்கும் கடையெல்லாம் தைவானியர் கடை என்று கொள்ள முடியாது. அந்தப் பானம் 1980களில் தைவானில் பிறந்தது என்பதும், அதை யார் முதலில் செய்தார்கள் என்று தைச்சுங்கின் ச்சுன் ஷுய் தாங்கும் தைனானின் ஹான்லினும் நெடுநாள் வழக்காடின என்பதும் உண்மைதான். ஆனால் இன்று அதை உலகில் எவரும் விற்கிறார்கள். அதே போல, தின் தாய் ஃபுங்கின் புகழ்பெற்ற ஆவிக் கொழுக்கட்டையின் பூர்வீகம் ஷாங்காய்ப் பக்கம். தைவானிய அடையாளத்தைப் பார்க்க வேண்டுமானால் காலைச் சாப்பாட்டைப் பாருங்கள்.

சனி, ஞாயிறுகளில் காலை எட்டு மணிக்கே திறந்து பிற்பகலில் மூடிவிடும் கடை, பட்டியலில் சோயா பால், 'தான் பிங்' என்ற முட்டை அடை, ஒட்டரிசியை உருட்டி உள்ளே ஊறுகாயும் பொரித்த மாவுக்குச்சியும் வைத்த 'ஃபான் துவான்' ஆகியவை இருக்கும் கடை என்றால், தயங்காமல் உள்ளே போகலாம். தைபேயை ஒட்டிய யுங்ஹெ என்ற ஊரில் 1950களில் பெயர்பெற்ற சோயா பால் கடைகளை நினைவூட்டி, பல நாடுகளில் 'யுங்ஹெ' என்ற பெயரையே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்ல அறிகுறி. அங்கே கேட்க வேண்டியது 'ஷியென் தோ ஜியாங்' என்ற உப்புச் சோயா பால். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் காடி, பொடியாக நறுக்கிய கடுகுக்கீரை ஊறுகாய், உலர்ந்த சிறு இறால், வெங்காயத்தாள் ஆகியவற்றைப் போட்டு, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கச் சோயா பாலை ஊற்றுவார்கள். காடி பட்ட இடத்தில் பால் மெல்லத் திரிந்து, ஓரங்களில் மிருதுவான கட்டிகள் திரளும். மேலே மிளகாய் எண்ணெய் இரண்டு சொட்டும், பொரித்த மாவுக்குச்சித் துண்டுகளும் மிதக்கும். திரிந்த பாலைக் கண்டு கெட்டுப்போயிற்று என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். திரியாமல் வந்தால்தான் சமையற்காரருக்குக் கைப்பழக்கம் போதாது என்று பொருள்.

இரவுச் சந்தை வகையில் 'யென் சு ஜி' என்ற பொரித்த கோழித் துண்டுகளை வைத்துக் கடையை எடைபோடலாம். மேல்மாவு சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவாக இருக்க வேண்டும். அது குருணை குருணையாகப் பொரிந்து நிற்கும். கடைசி நொடியில் ஒரு கை துளசிவகை இலையை அதே எண்ணெயில் போட்டு எடுத்துக் கோழியோடு கலந்து, மிளகுப்பொடி உப்பைத் தூவிக் காகிதப் பையில் தருவார்கள். இலை இல்லாமல் வந்தால் அது வெறும் பொரித்த கோழி.

மாட்டிறைச்சி நூடுல்ஸ் எனப்படும் 'நியு ரோ மியென்' குறித்து ஒரு சொல். 1949க்குப் பிறகு சீனப் பெருநிலத்திலிருந்து வந்த படைவீரர் குடும்பங்களின் கைப்பக்குவத்தில் இது உருவானது என்பார்கள்; உழவு மாட்டை உண்ணக் கூடாதென்று வளர்ந்த தைவானியக் கிராமத்து முதியவர்கள் சிலர் இதை இன்றும் தொடுவதில்லை. அசல், கலப்பு என்று ரொம்பவும் கறாராகப் பேசுபவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது: ஃபூஜியன் குடியேறிகள், ஹக்கா மக்கள், பூர்வகுடிகள், 1895 முதல் 1945 வரை ஆண்ட ஜப்பானியர், 1949இல் வந்தவர்கள் என்று பலர் கை கலந்த அடுப்பு அது. கடையைச் சோதிக்க வேண்டுமானால் மேசையில் புளித்த கடுகுக்கீரை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சோயாவில் வெந்த சிவந்த சாறும் அந்தக் கீரையும் சேர்ந்தால் தைவான். தெளிந்த சாற்றில் முள்ளங்கி வில்லைகள் மிதந்தால் அது வடமேற்குச் சீனாவின் லான்ஜோ வகை. அதுவும் நல்ல சாப்பாடுதான், நீங்கள் தேடி வந்தது அதுவல்ல, அவ்வளவே.

பட்டியல் நீளத்தையும் கவனியுங்கள். இருநூறு பண்டங்களும் இடையில் ஓர் ஓரமாக 'லூ ரோ ஃபான்' என்ற பன்றியிறைச்சிச் சோறும் இருக்கும் கடையைவிட, பதினைந்தே பண்டங்களை எழுதி வைத்திருக்கும் கடை பெரும்பாலும் மேலானது.

இணையத்தில் தேடும்போது பண்டத்தின் பெயரைச் சீன எழுத்தில் ஒட்டித் தேடுங்கள். அதிலும் மரபெழுத்தில் தேடுங்கள். பெருநிலச் சீனர் எளிமையாக்கப்பட்ட எழுத்தைப் பயன்படுத்துவதால், மரபெழுத்து பாதி வடிகட்டலை முடித்துவிடும்; ஹாங்காங்காரர்களும் மரபெழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். மரபெழுத்தில் மதிப்புரை எழுதுபவர்கள் ஒரு கடையைப் 'பரவாயில்லை' என்று சொல்லியிருந்தாலே அதை உயர்ந்த பாராட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்களைத் தேடுவது

சீன மொழி கற்பிக்கும் வார இறுதிப் பள்ளிகள் பல நகரங்களில் இருக்கின்றன. அவற்றில் 'போபோமோஃபோ' என்ற 37 குறிகளைக் கொண்டு உச்சரிப்புச் சொல்லித்தரும் பள்ளி தைவானியருடையது. மற்றவர்கள் உரோமன் எழுத்தைப் பயன்படுத்துவார்கள். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரமும் பெற்றோர் வெளியே கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எந்தக் கடையில் சமையற்காரர் மாறிவிட்டார், யார் வீட்டில் குளிர்பதனக் கொழுக்கட்டை விற்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். இந்த வீட்டு விற்பனை பெரும்பாலும் 'லைன்' செயலியில் நடக்கிறது. பெருநிலச் சீனர் வீச்சாட்டில் இருக்க, தைவானியர் லைனில் இருக்கிறார்கள். லைன் குழு ஒன்றில் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் படகுத் திருவிழாவுக்கு முன்பே மூங்கில் இலையில் பொதிந்த 'பா-சாங்' எனும் ஒட்டரிசிப் பொதிக்கு முன்பதிவு தொடங்கிவிடும். வதக்கிய அரிசியை ஆவியில் வேகவைக்கும் வடக்கத்தி முறையா, வதக்காத அரிசியை நிலக்கடலையோடு நீரில் வேகவைக்கும் தெற்கத்தி முறையா என்று கேட்பார்கள். இரண்டில் எது சிறந்தது என்ற வாக்குவாதத்தில் மட்டும் புதியவர்கள் தலையிட வேண்டாம்.

கோயில்களும் தேவாலயங்களும் அடுத்த வழி. காவோசியுங்கில் 1967இல் துறவி ஷிங் யுன் நிறுவிய ஃபோ குவாங் ஷான் மடத்துக்கு உலகமெங்கும் கிளைகள் உண்டு. ஹசியெண்டா ஹைட்ஸில் 1988இல் கட்டி முடிக்கப்பட்ட ஷீ லாய் கோயில், பிரிஸ்பேனின் ச்சுங் தியென் கோயில், சிட்னிக்குத் தெற்கே வொல்லங்காங்கில் உள்ள நான் தியென் கோயில் ஆகியவை இந்த மடத்தைச் சேர்ந்தவை. ஹுவாலியனில் 1966இல் தொடங்கிய ட்சு ச்சி அறக்கட்டளையின் தொண்டர்கள் நீலச் சட்டை அணிந்திருப்பார்கள். பாத்திரம் கழுவவோ பொருள் பிரிக்கவோ ஒரு நாள் கூட நின்றால் அறிமுகம் தானாக வரும். தைவானிய மொழியிலேயே வழிபாடு நடத்தும் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்து உண்பார்கள். மதம் மாற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு பெட்டி பழமாவது எடுத்துச் செல்லுங்கள்.

இச்சபைகளில் நீங்கள் சந்திக்கும் முதியவர்களில் சிலர், 1949 முதல் 1987 வரை நீடித்த இராணுவச் சட்டக் காலத்தில் அரசை விமர்சித்ததற்காகப் பல ஆண்டுகள் ஊர் திரும்ப முடியாமல் இருந்தவர்கள். பிப்ரவரி 28 அன்று, 1947இல் அரசுப் படையினரால் கொல்லப்பட்டவர்களை நினைவுகூரும் கூட்டம் அவர்களுக்கு முக்கியமானது. வேறு சிலருக்கோ அக்டோபர் 10 அன்று நடக்கும், 'சீனக் குடியரசு' என்ற தைவான் அரசின் தேசிய நாள் விருந்து முக்கியமானது. ஒரே ஊரில் இரண்டு சங்கங்கள் இருந்து, ஒன்றில் இருப்பவர் மற்றதில் கால் வைக்காமல் இருப்பதும் உண்டு. "நீங்கள் சீனர்தானே?" என்று எவரிடமும் பேச்சைத் தொடங்காதீர்கள். எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். ஊரைச் சொன்னால் அடுத்து அந்த ஊரின் பண்டத்தைச் சொல்வார்கள், பேச்சு வேண்டிய இடத்துக்கு வந்து சேரும்.

தைவானில் படித்தவர்கள் மறந்துவிடும் ஒரு வழி, அவர்களுடைய பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கம். ஷின்ச்சுவின் ட்சிங் ஹுவாவிலோ, யாங் மிங் ஜியாவோ துங்கிலோ பட்டம் வாங்கிய தமிழரும் அச்சங்கத்துக்கு உரியவரே. 'நமக்கு அங்கே என்ன வேலை' என்று ஒதுங்கி இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போனவர்கள் யாரும் வருந்தியதாகக் கேட்டதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தைவானிய மாணவர் சங்கங்கள் வளாகத்துக்குள் நடத்தும் இரவுச் சந்தைக்கு வெளியாட்களும் போகலாம். மே மாதத்தில் நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்திலும் சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்திலும் தைவானிய விழாக்கள் நடைபெறும். வான்கூவரிலும் டொராண்டோவிலும் கோடையின் கடைசியில் தைவான் ஃபெஸ்ட் நடைபெறும். விழாச் சாப்பாடு சுமார்தான். அங்கே கடை போட்டிருக்கும் சங்கங்களின் விவரத்தை வாங்கிக்கொள்வதற்காகப் போங்கள். பன்னாட்டு பேஸ்பால் போட்டி நடக்கும் நாட்களையும் விட்டுவிடாதீர்கள்; 2024 நவம்பரில் டோக்கியோவில் ஜப்பானை 4-0 என்று வென்று ப்ரீமியர் 12 கோப்பையைத் தைவான் தூக்கியதிலிருந்து, எந்தக் கட்சிக்காரரும் ஒரே திரை முன் உட்காரும் நேரம் அதுதான்.

சைவர்களுக்கு

தைவானியர் கோயில் முறைச் சைவத்தில் இறைச்சி, மீன் மட்டுமின்றி வெங்காயமும் பூண்டும் கூடச் சேராது. ஃபோ குவாங் ஷான் கோயில்களின் உணவுக்கூடம் இவ்வகையில் நம்பிக்கையான இடம். சாதாரணக் கடையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: வேகவைத்த கீரை என்று கேட்டாலும், அதன் மேல் இறைச்சிக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றித் தருவது வழக்கம், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'ஷா ச்சா' என்ற சாந்தில் உலர்ந்த மீனும் இறாலும் இருக்கும். சைவ ஷா ச்சா தனியாகக் கிடைக்கிறது.

மளிகையும் அடுப்பும்

கடையும் இல்லை, சங்கமும் இல்லை என்ற ஊர்களில் சமைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அமெரிக்காவில் 99 ராஞ்ச் மார்க்கெட் என்ற பல்பொருள் அங்காடித் தொடர், தைவானியர் ஒருவர் 1984இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. அங்கே பெரும்பாலானவை கிடைக்கும். மற்ற நாடுகளின் ஆசிய மளிகைக் கடைகளில் பொட்டலத்தின் பட்டைக்குறியைப் பாருங்கள். 471 என்று தொடங்கினால் அந்த நிறுவனம் தைவானில் பதிவு பெற்றது. (தைவானுக்குள் விற்கும் பொட்டலங்களில் காலாவதி ஆண்டு 115 என்பது போல இருந்தால் திகைக்க வேண்டாம், 1911ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.) பச்சை உறையில் வரும் குவாய் குவாய் தின்பண்டம் தென்பட்டால் வேலை செய்யும் இடத்துக்கும் ஒன்று வாங்கிப் போகலாம், ஆயுத பூசையன்று நம்மவர்கள் இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பதைப் போல, கணினிகள் பழுதாகாமல் இருக்கத் தைவானியப் பொறியாளர்கள் அதை அவற்றின் மேல் வைக்கிறார்கள். காலாவதியான பொட்டலம் மட்டும் ஆகாது.

முதலில் வாங்க வேண்டியவை கெட்டியான சோயாச் சாந்து, அரிசி மது, குருணையான சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவு, வெள்ளை மிளகுப் பொடி ஆகியவை. பொரித்த வெங்காயத்தைப் பொட்டலத்தில் வாங்க வேண்டாம். தமிழர் சமையலறையில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. அதை மெல்லிய வளையங்களாக அரிந்து, மிதமான தீயில் எண்ணெயில் போட்டு, பொன்னிறத்துக்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் சூட்டில் நிறம் ஏறும். லூ ரோ ஃபானுக்குத் தோலோடு கூடிய பன்றியின் வயிற்றுப் பகுதியை அரைக்காமல் கத்தியால் சிறு குச்சிகளாக நறுக்கி, நிறம் மாறும்வரை வறுத்து, சோயாச் சாறு, கல்கண்டு, அரிசி மது, ஐந்து மசாலாப் பொடி, பொரித்த வெங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சிறுதீயில் விட வேண்டும். தோலின் பசை சாற்றில் இறங்கி, சோற்றை உண்ணும்போது உதடு லேசாக ஒட்டினால் பக்குவம் சரி.

எள்ளெண்ணெய், சோயாச் சாறு, அரிசி மது மூன்றிலும் வேகும் 'மூன்று கோப்பைக் கோழி'க்குத் தைவானியத் துளசி கிடைக்காத இடத்தில் தாய்லாந்துத் துளசியோ நம் திருநீற்றுப் பச்சிலையோ போதும். எண்ணெயில் மட்டும் மாற்று எடுபடாது: நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, அதற்குத் தேவைப்படுவது வறுத்த கறுப்பு எள்ளின் எண்ணெய்.

தைவானிலிருந்து வருபவர்களிடம் சொல்லி அனுப்பும்போது அன்னாசி கேக், தேயிலை, சாந்துப் புட்டிகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பன்றியிறைச்சித் துருவல், இறைச்சி வைத்த நிலாக் கேக், உள்ளே இறைச்சித் துண்டுப் பொட்டலம் உள்ள உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றை அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் சுங்கத்தில் பறித்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு. 1960 முதல் தைவானிய வீடுகளில் புழங்கும் தாதுங் மின்சாரச் சோற்றுப் பானையைக் கொண்டுவருவதானால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். தைவானில் 110 வோல்ட் என்பதால் அது அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படியே ஓடும். 230 வோல்ட் உள்ள ஐரோப்பாவிலோ இந்தியாவிலோ நேரடியாகச் செருகினால் பானை எரிந்துபோகும். அந்நாடுகளில் இருப்பவர்கள் 220 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.